சேற்றிற் பிறந்த செல்வ வண்டி

பழைய மாணாக்கன் என்ற முறையில் நம் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு ஆசிரியர் கேட்டிருந்தார். இலக்கியத்தைப் பற்றியோ, கல்லூரி நாட்களைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நானோ ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தேன். அன்பர்கள் நகைக்க வேண்டா. அவ்வண்டியின் விஷயத்தில் நான் ஒருமுறை பேரறிவாளன்போற் பேசிவிட்டேன். அப்பேச்சு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கின்றது.

1991 முதல் 1994 வரை நான் இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரிலிருந்து மேற்படிப்புப் படித்து வந்தேன். விடுமுறை நாட்களில் வேல்ஸ் எல்லையை அடுத்த ஷ்ராப்ஷயர் மலைப்புறத்தில் ஆடு வளர்த்து வந்த ஒரு முதியவரின் பண்ணைக்குச் செல்வது வழக்கம். அவரும் அவர் மனைவியாரும் என்னைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் நடத்தினார்கள். அவரிடத்தில் 1973ஆம் வருஷத்து ரேஞ்ச் ரோவர் ஒன்று இருந்தது. இரண்டே கதவுகள், பின்னிருக்கைக்குப் போக வேண்டுமானால் முன்னிருக்கையை மடித்து நுழைய வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு; இருக்கைகளுக்குத் தோலன்று, துடைத்தாற் சுத்தமாகிவிடும் ஒருவகை வினைல் உறை. ஈன்ற ஆட்டையும் குட்டிகளையும் அதிலே ஏற்றிவந்து, மாலையில் தண்ணீர்க் குழாயை உள்ளே பீய்ச்சிக் கழுவிவிடுவார். அங்ஙனம் கழுவும் வேலை பலமுறை எனக்கும் வாய்த்தது.

அவ்வண்டியின் பிறப்பு வரலாறு இனிமையானது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின்பு, ரோவர் கம்பெனியின் பொறியாளராகிய மாரிஸ் வில்க்ஸ், ஆங்கில்ஸித் தீவிலுள்ள தம் நிலத்தில் யுத்தத்திற் கழிக்கப்பட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டி வந்தார். அதற்கு ஈடாக நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றவே, கடற்கரை மணலில் அதன் உருவத்தை வரைந்து காட்டினார் என்பர். 1948இல் லாண்ட் ரோவர் வெளிவந்தது. அது உழவனுக்கு உற்ற துணைவன். ஆனால் உள்ளே அமர்ந்தவன் எலும்புகள் கலகலத்துப் போகும்.

சார்லஸ் ஸ்பென்ஸர் கிங் என்பவர் இவ்விடத்திலேதான் தம் நுண்ணறிவைக் காட்டினார். கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிக்குக் கட்டையான தகட்டுவிற்களே வேண்டும் என்பது அக்காலத்தார் துணிபு. கிங்கும் அவருடைய தோழர் கார்டன் பாஷ்போர்டும் அதை ஏற்கவில்லை. சக்கரம் நிலத்தை விட்டு எழும்பினால் இழுவை அற்றுப்போகும். ஆகவே மேட்டிலும் பள்ளத்திலும் சக்கரம் நிலத்தைத் தொட்டுக்கொண்டேயிருக்குமாறு நெடிதாய் ஏறி இறங்கும் மென்மையான சுருள்விற்களே தக்கவை என்று கண்டார்கள். பிரயாணிக்குச் சுகம் தருவதும், வண்டியை மலையேறச் செய்வதும் ஒரே வில்தான். இதை வாசகர்கள் நினைவில் வைக்கும்படி வேண்டுகின்றேன். நான் அன்று நினைவில் வைக்கவில்லை.

அமெரிக்கப் பியூக் கம்பெனியாரிடமிருந்து பெற்ற, அலுமினியத்தாலான எட்டு சிலிண்டர் எஞ்சினை அதிற் பொருத்தினார்கள். அதன் 3.5 லிட்டர் வலிமை ஓர் அச்சுக்கு மிகையாயிருந்தமையால், எப்பொழுதும் நான்கு சக்கரங்களுமே இழுக்கும்படி அமைத்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும் தட்டுப் பிரேக். பொறியாளர்கள் சோதனைக்காக ஒட்டுப்போட்ட கூட்டை டேவிட் பாஷ் என்னும் உருவமைப்பாளர் சற்றே திருத்தியதோடு நிறுத்திக்கொண்டார். 1970 ஜூன் மாதம் 1,998 பவுன் விலைக்கு அது கடைக்கு வந்தது. மறு வருஷமே பாரிஸ் லூவர் மாளிகையில் அதனைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆட்டுப் புழுக்கை சுமக்கும் வண்டிக்கு அப்படியொரு மரியாதை! 1971இன் இறுதியில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ராணுவக் குழுவொன்று, இவ்வண்டிகள் இரண்டைக் கொண்டு தென் அமெரிக்காவின் கடைக்கோடி வரை சென்றது. இடையிலுள்ள டேரியன் என்னும் சதுப்புக் காட்டைக் கடக்க மாத்திரம் ஏறக்குறைய 100 நாட்கள் ஆயின.

பின்பு செல்வர்கள் கண் அதன்மேல் விழுந்தது. 1981இல் நான்கு கதவுகள் வந்தன. 1982இல் தானியங்கிக் கியர் வந்தது. தோலும் மரப்பலகையும் கம்பளமும் ஒன்றன்பின் ஒன்றாய் உள்ளே நுழைந்தன. 1987 முதல் அமெரிக்கருக்கு விற்றார்கள். 1992இல் இருக்கைகளுக்கு இடம் போதாதென்று, சக்கரங்களின் இடைவெளியை 100 அங்குலத்திலிருந்து 108 அங்குலமாக நீட்டிய வண்டியொன்றும் வந்தது. சுருள்விற்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகளை அதிலே வைத்தார்கள். கரடான வழியில் வண்டி உயர்ந்து நிற்கும். பெருஞ்சாலையில் தாழ்ந்து ஓடும். நிறுத்திய பின் ஒரு பொத்தானை அமுக்கினால், ஏறுவோர்க்கு எளிதாக இன்னும் தாழ்ந்து கொடுக்கும்.

1993ஆம் வருஷத்து வசந்தகாலத்தில் முதியவர் இந்தப் புதிய வண்டியின் விளம்பரத் தாளை என் முன் வைத்து, என் அபிப்பிராயம் யாதென்று வினவினார். நான் அப்பொழுது இளைஞன். எளிய வாழ்வைப் பற்றிய நூல்கள் சிலவற்றைப் புதிதாய்ப் படித்திருந்தவன். கேட்கவேண்டுமா? உழைப்பாளியாய்ப் பிறந்த வண்டி சோம்பேறிகளின் பல்லக்காய்விட்டதென்றும், உம்முடைய பழைய வண்டியின் கால்தூசிக்கும் இது ஈடாகாதென்றும், அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவர் புன்னகைத்துத் தாளை மடித்து வைத்துவிட்டார். ஆட்டு விலை இறங்கியிருந்த சமயம் அது. செலவுக்கு அஞ்சிக்கொண்டிருந்தவருக்கு என் பிரசங்கம் நல்லதொரு சாக்காயிற்று.

அவர் ஏன் கேட்டார் என்பதை நான் சிந்திக்கவில்லை. அம்மையாருக்கு இடுப்பு மூட்டில் நோய் கண்டிருந்தது. பழைய வண்டியோ தரையிலிருந்து மிக உயரம். அவர் ஏறுவதற்கென்று முதியவர் ஒரு மரப்பெட்டியைப் படியாக வைத்திருந்தார்; ஒருநாள் அது சரிய அம்மையார் விழுந்தார். அதன் பிறகு ஏறமாட்டேனென்று சொல்லிவிட்டார். தூக்கி உட்காரவைக்கப் போனால், நான் என்ன தீவன மூட்டையா என்று சினந்து கொள்வார். பண்ணையில் வேறு வண்டியும் இல்லை. மலைக்கப்பால், கடற்கரைப் பட்டணமாகிய அபெரிஸ்த்வித்தில் அவருடைய மூத்த சகோதரி தனியே இருந்தார். மாதம் ஒருமுறை அவரைப் பார்த்து வந்த அம்மையார், 1993ஆம் வருஷம் முழுவதும் தொலைபேசியிலேயே பேசிக்கொண்டார். 1994 ஜனவரியில் அந்தச் சகோதரி இறந்துபோனார்.

அவ்வருஷம் கோடையிலே முதியவர், வேறொருவர் ஓராண்டு ஓட்டிய நீண்ட வண்டியை வாங்கினார். நான் அன்று பண்ணையில் இருந்தேன். அவர் பொத்தானை அமுக்க, வண்டி மெல்லப் பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. அம்மையார் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தாமாகவே ஏறி அமர்ந்தார். "பாரும், இது எனக்காக முழங்கால் மடக்குகிறது" என்று சொல்லிச் சிரித்தார். என்னைக் குறைகூறும் சொல் ஒன்றும் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கைத்தடியை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று அறியாமல் நின்றேன்.

அதன்பின் அவ்வண்டியின் தலைமுறைகளை விடாது கவனித்து வருகின்றேன். 1994இல் இரண்டாம் தலைமுறை வெளிவந்தது. பழையது "கிளாஸிக்" என்னும் பட்டம் பெற்று, 1996இல் ஓய்ந்தது. 2001இல் மூன்றாவது வந்தபொழுது, தனிச் சட்டத்தின்மேல் கூடு அமர்த்தும் பழைய முறையை விட்டுவிட்டார்கள். கம்பெனியும் கைமாறிக்கொண்டேயிருந்தது: 1994இல் பி.எம்.டபிள்யூ, 2000இல் போர்டு, 2008இல் நம் நாட்டு டாட்டா. 2012இல் வந்த நான்காவது, முழுதும் அலுமினியக் கூடு கொண்டு, முந்தியதைவிட 420 கிலோ வரை எடை குறைந்தது. 2021இல் ஐந்தாவது தோன்றியது. பின்சக்கரங்களும் திரும்புவதால் அவ்வளவு பெரிய உடம்பு குறுகிய இடத்திலும் வளைந்துகொள்கிறது. 2024 முதல் பூனா நகரிலும் இதனைப் பொருத்துகின்றார்கள். முதல் வண்டி இரண்டு டன்னுக்கும் குறைவு; இன்றையது 2,400 கிலோவைத் தாண்டும். தோலிருக்கையின்மேல் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சுவார் எவருமிலர்.

என் பக்கத்துச் சாட்சியும் ஒருவர் உண்டு. அவர் சாமானியரல்லர், வண்டியைப் படைத்த கிங் அவர்களே. நகர வீதிகளிலே இவ்வகை வண்டிகளை ஆடம்பரத்துக்காக ஓட்டித் திரிவோரை அவர் 2004இல் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். அந்தஸ்தைக் காட்டுவதற்காகத் தாம் அதைச் செய்யவில்லை என்றார். 2010இல், தமது 85ஆம் வயதில், சைக்கிளிற் செல்லும்போது ஒரு மூடுவண்டி மோதியதால் ஏற்பட்ட காயங்களால் அவர் காலமானார். அவர் கடிந்ததைப் படித்தபோது, நான் சொன்னதையே அவரும் சொன்னாரே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். ஆனால் அவர் வீதியிற் கண்டவர்களைச் சொன்னார். நான் சமையலறையில் இருந்தவரைக் காணாமற் சொன்னேன்.

1994இன் இறுதியில் நான் ஊர் திரும்பிவிட்டேன். அம்மையார் மறுவருஷம் பிப்ரவரியில் இறந்ததாக முதியவர் எழுதினார். புதிய வண்டியில் எட்டு மாதங்கள் அவர் விரும்பிய இடமெல்லாம் போய்வந்தாராம். சகோதரியின் கல்லறைக்கு நான்கு முறை. சில வாரங்களில் அவ்வண்டியை விற்றுவிட்டு, கொட்டகையிற் கிடந்த பழையதையே மீண்டும் ஓட்டத் தொடங்கினார். அதைக் கழுவும்பொழுது பின்புறத்தில் அந்த மரப்பெட்டி அகப்பட்டதாகவும், எடுத்தெறிய மனம் வரவில்லையென்றும், அதிலே இப்பொழுது ஆட்டுக்குட்டிகளுக்கான பாற்புட்டிகளை வைத்திருப்பதாகவும் கடிதத்தின் கீழே எழுதியிருந்தார்.