ஓடுவதை நிறுத்த ஒரு கட்டளை

கணினியை ஓடவைப்பது கடினமா, ஓடுவதை நிறுத்துவது கடினமா? இரண்டாவதுதான் என்பேன். நான் பட்ட பாடு அப்படி!

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்காளுக்கு ஒன்று கிடைத்தது. பின்னாளில் வன்தட்டு பழுதாகி, மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டு மூலையில் தூசி படிந்து கிடந்தது. பள்ளிக் கணினி அறையில் பிஸிபாக்ஸ் என்னும் மென்பொருளின் மூலநிரலைத் தொகுத்து, அதற்கென ஒரு சிறிய லினக்ஸைப் பென்டிரைவில் அமைத்தேன். டெபியனை நிறுவத் தேவையான கட்டளைகளை ஒரே பிளாப்பியில் அடக்க, புரூஸ் பெரன்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கியது அது. வேண்டிய கட்டளைகளை நாமே குறியிடலாம். மளிகைப் பட்டியல் போலத்தான். சிக்கனக்காரியான நான் பலவற்றை விட்டுவிட்டேன்.

அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். மகளிர் குழுக் கணக்கும் எழுதுகிறவர். ஒரு மாலை, நான் எழுதிய கணக்கு நிரலில் 12 பேர் சேமிப்பை ஏற்றினோம். கடைசித் தொகையை வெறுமையாக விட்டதும் நிரல் முடிவின்றிச் சுழன்றது. கண்ட்ரோல்-சி பலிக்கவில்லை. இன்னொரு திரைக்குச் சென்று, ஓடும் நிரல்களின் எண்ணைக் காட்டும் ‘பிஎஸ்’ஸைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்! நிறுத்தும் ‘கில்’லும் இல்லை. (பெயர் கொடூரந்தான், என்ன செய்ய!) பொத்தானை அழுத்தி அணைத்தேன். கணக்கு முழுதும் போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்து முதற்பெயரிலிருந்து படிக்கலானார். அதுதான் என்னைச் சுட்டது.

மறுவாரம் இரண்டுக்கும் குறியிட்டுத் தொகுத்தேன். வீட்டில் பார்த்தால் மறுபடியும் ‘இல்லை’! பிஸிபாக்ஸ் ஒரே கோப்பு; கட்டளைப் பெயர்கள் அதைச் சுட்டும் இணைப்புகளே. அவற்றைப் போடும் ‘மேக் இன்ஸ்டால்’ஐ மறந்திருந்தேன்.

இதில் ஒரு நுட்பமுண்டு. ‘கில்’ 9 என்று அனுப்பினால் நிரல் அக்கணமே மடியும். 15 என்றால், கையிலுள்ளதை எழுதிவைத்துவிட்டு நிற்க அதற்கு வாய்ப்புண்டு. அதற்காக என் நிரலில் ‘டிராப்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அம்மாவுக்கு உடனே புரிந்தது. “மருந்த அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு வர முடியுமா? கூட்டி எடுத்து வச்சுட்டுத்தானே வரணும்” என்றார்.

சோதிப்பதற்காக, எட்டாவது தொகையை வேண்டுமென்றே வெறுமையாக விட்டேன். நிரல் சுழன்றது. 15-ஐ அனுப்பினேன், நின்றது. கோப்பைத் திறந்தால் ஏழு பேர் தொகையும் இருந்தன. அம்மா எட்டாவது பெயரைப் படித்தார்.