வெயிலில் நிற்கவா சாரணர் படை?

எங்கள் உறவினர் வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு விழா. வரப்போகும் விருந்தினருக்காகச் சாரணர் சீருடையில் பிள்ளைகள் சாலையின் இருபுறமும் உச்சி வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் பூத்தட்டு. படத்தைப் போட்ட சித்தப்பா பெருமையோடுதான் போட்டார். அதற்குக் கீழே என் அத்தை மகன் எழுதினான்: “சாரணர்னா இவ்ளோதான். வர்றவங்களுக்கு சல்யூட் அடிக்கணும், கூட்டத்துக்குத் தண்ணி குடுக்கணும். இதுக்கெல்லாம் பசங்க படிப்பை ஏன் கெடுக்கணும்?”

படம் சுட்டது. பதில் அதைவிடச் சுட்டது. நான் ஜவ்வாது மலையில் பிறந்து, உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, செவிலியராக இங்கிலாந்துக்கு வந்தவள். என் மகள் இங்கே ஒரு சாரணர் படையில் இருக்கிறாள். அந்தக் குழுவின் நிர்வாகத்தில் பெற்றோர்களில் ஒருத்தியாக நானும் இருக்கிறேன். வரவேற்பு வரிசைக்காகப் பிறந்த இயக்கம் அல்ல இது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களோடு நடத்திய முதல் முகாமிலேயே, அவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கி, மற்றவர்களை அவன் பொறுப்பில் விட்டார். இயக்கத்தின் உயிர் அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அணிவகுப்பும் பதக்கமும் அதற்கு அப்புறம்தான்.

இங்கே குழு என்பது பெரும்பாலும் அந்தப் பகுதிக்காரர்களுடையது, பள்ளிக்கூடத்தினுடையது அல்ல. 4 வயதில் ‘அணில்’களாகச் சேரும் குழந்தைகள் படிப்படியாக ஏறி, பத்தரை வயதில் சாரணர் படைக்கு வருகிறார்கள். ஆண், பெண் என்று தனித்தனிப் படை கிடையாது. எங்கள் படையை நடத்துபவர் பகலில் பேருந்து ஓட்டுகிறார். அவருக்குத் துணையாக ஒரு வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. யாருக்கும் சம்பளம் இல்லை. வாரம் ஒரு மாலை, தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் கூடுகிறார்கள். கட்டடம் எங்கள் மலைப் பள்ளிகளைவிட ஒன்றும் உசத்தி இல்லை.

உசத்தி வேறு இடத்தில் இருக்கிறது. போன கோடை முகாமுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். முகாமில் என்ன சமைப்பது என்று முடிவு செய்தவர்கள் அணித் தலைவர்கள்தான். ஒவ்வோர் அணிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கணக்கிட்டுக் கையில் கொடுத்து, சூப்பர் மார்க்கெட்டுக்குள் அனுப்பினார்கள். என் மகளின் அணித் தலைவிக்கு 13 வயது. அவள் அணியில் ஒரு பையன் ஹலால் மட்டும்தான் சாப்பிடுவான். இன்னொருத்திக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. என் மகள் மாட்டிறைச்சி தொடமாட்டாள். அந்தச் சிறுமி ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். கூட்டிப் பார்த்தபோது பணம் போதவில்லை. ஆறு பேரும் வண்டியைச் சுற்றி நின்று வாதாடி, பிஸ்கட்டுகளைத் திரும்ப வைத்துவிட்டு முட்டையை வைத்துக்கொண்டார்கள். பேருந்து ஓட்டுநர் கடை வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முகாமில் முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு அணித் தலைவர்களை உட்காரவைத்து, “நாளைக்கு யார் அடுப்புப் பக்கம், யார் தண்ணீர்ப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார். வேலையைப் பிரித்துக்கொண்டவர்கள் பிள்ளைகள். மறுநாள் சோறு பதமாக வந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஊர் நினைவுதான். அங்கே 13 வயதுப் பிள்ளையை நம்பிப் பத்து ரூபாயை எந்தப் பள்ளி கொடுக்கிறது? எந்த விழாவுக்கு எப்போது போவது என்பதில்கூட அதனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லையே. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றால் நல்ல சாரணர். மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் வந்துவிட்டால் மிக நல்ல சாரணர்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு விட்டுக்கொடுப்பவர்கள் பெரியவர்களைக் கொஞ்சமும் விட்டுவைப்பதில்லை. குழு ஓர் அறக்கட்டளையாக நடக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில், நம் கிராம சபையில் செய்வதுபோல, வரவு செலவை வாசிக்கிறார்கள்: சந்தா இவ்வளவு, கூரை ஒழுகியதற்கு இவ்வளவு, கூடாரம் தைத்ததற்கு இவ்வளவு. யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். படையோடு வேலை செய்யும் பெரியவர்கள் எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து கணக்கு மட்டும் பார்க்கும் எனக்கும் நடந்தது. ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது. இரவு முகாம் நடத்தத் தனி அனுமதி வாங்க வேண்டும். இதெல்லாம் சந்தேகப் புத்தி என்று முதலில் தோன்றும். 2024 ஆகஸ்டை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. எங்கள் மலைக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் நடந்து, மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். யார் நீ, உன்னை அனுப்பியது யார் என்று வாசலிலேயே கேட்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். சீருடையைப் பார்த்ததும் கைகட்டும் நம் பழக்கத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை அது.

இவ்வளவையும் என் தம்பியிடம் போனில் கொட்டினேன். எங்கள் மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர், அங்கே சாரண ஆசிரியரும் அவன்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அக்கா, அங்க இருபது பசங்களுக்கு மூணு பெரியவங்க. இங்க வகுப்பும் நானே, விடுதியும் நானே, சாரணரும் நானே. ஆனா எடமில்லன்னு ஒரு பிள்ளைய நான் திருப்பி அனுப்பினதில்ல. உங்க ஊர்ல அப்படிச் சொல்ல முடியுமா?”

முடியாது. பொறுப்பேற்கப் பெரியவர்கள் கிடைக்காமல், இங்கே பல குழுக்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். பிள்ளை பிறந்ததுமே பெயர் கொடுத்து வைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். சந்தா, சீருடை, முகாம் என்று செலவும் உண்டு. நம் ஊரில் இயக்கம் பள்ளிக்குள் இருப்பதால்தான் செருப்பில்லாமல் மலை இறங்கி வரும் பிள்ளையின் கழுத்திலும் அந்த ஸ்கார்ஃப் ஏறுகிறது. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் பாரத சாரண சாரணியரின் வைர விழா ஜம்போரி நடந்தபோது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி வழியே வந்தவர்கள். அதை ஏற்பாடு செய்த ஆசிரியர்களின் உழைப்பை வெறும் விழா என்று தள்ள எனக்கு மனம் வராது.

இந்த இயக்கத்தை நாம் யாரிடமும் இரந்தும் வாங்கவில்லை. தொடக்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இந்தியச் சிறுவர்களை வெளியே நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக மதராஸில் அன்னி பெசன்டும் அவருடைய சகா அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் அது அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று, பிரிந்து கிடந்த அமைப்புகள் ஒன்றாகிப் பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தாங்களே வீடு கட்டிக் குடியேறிய கதை இது.

காட்டறிவிலும் எங்கள் பிள்ளைகள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. இங்கே தீ மூட்டக் கற்றுத்தர ஒரு முழு மாலை செலவாகிறது. முடித்தால் சட்டையில் தைக்க ஒரு சின்னம். மலையில் ஐப்பசி மழையில் பத்து வயதுப் பெண் அடுப்பு மூட்டுவாள். அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்த சுள்ளியை முதலில் வைப்பாள். ஈர விறகின் பட்டையை உரித்து, பிளந்து, உள்ளே காய்ந்திருக்கும் வைரப் பக்கத்தை நெருப்புக்குக் காட்டுவாள். எந்த மரத்தில் தேன், எந்த ஓடை எப்போது பெருகும், சாமை எப்போது கதிர் வாங்கும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம் அல்ல, அன்றாடம். அதற்குச் சின்னம் தைத்துக் கொடுப்பார் இல்லை.

அந்த அறிவை மதித்துத் தேடி வந்தவர்கள் யார் என்று நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் சுட்டு 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். காட்டில் நடக்கவும், மரம் பார்க்கவும், இருட்டில் வழி கண்டுபிடிக்கவும் தெரிந்த ஆண்கள். அந்தத் திறமைக்கு அவர்கள் வாழ்நாளில் மதிப்பும் கூலியும் பேசியவன் தரகன் ஒருவன்தான். ஒரு சாரணர் படை வறுமையைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. ‘உனக்குத் தெரிந்தது பெரிய விஷயம், நாலு பேரை நீ வழிநடத்து’ என்று 13 வயதில் ஒரு பையனிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அதற்கு இங்கிலாந்தைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கருவி ஊரிலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் அதன் தலைவராக ஒரு தாய் இருக்கிறார். சாரணர் படையை அந்தக் குழுவின் முன் கொண்டுவாருங்கள். முகாமுக்கு வந்த பணமும் செலவும் அங்கே வாசிக்கப்படட்டும். ஆசிரியரோடு பெற்றோர் இருவர் முறைவைத்து உடன் போகட்டும். என் தம்பியின் பாரமும் குறையும், பிள்ளைக்கும் பாதுகாப்பு. எந்த விழாவுக்குப் படை போவது, எப்போது போகாமல் ஓடையைத் தூர்வாருவது என்பதை அணித் தலைவர்கள் பேசி முடிவெடுக்கட்டும். வெயிலில் வந்து நில்லுங்கள் என்று கடிதம் வந்தால், முடியாது என்று பதில் எழுதும் உரிமை அந்தத் தாய்க்கு இருக்கட்டும்.

தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அத்தை மகனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் மகனும் அதே பள்ளியில்தான் படிக்கிறான்.