வாசலில் தொங்கும் பை

யுத்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பை எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அடையாள அட்டைகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு, எங்கள் கலியாணப் படம். ஷெல் சத்தம் கேட்டால் கை முதலில் அதற்குத்தான் போகும். 2009 இல் எல்லாவற்றையும் இழந்தபோதும் அது என்னோடு வந்தது. கண்டாவளைப் பக்கம் மீள்குடியேறிய பின்னர், 'இனி எங்கே ஓடப்போகிறோம்' என்று எல்லாவற்றையும் றங்குப்பெட்டியில் வைத்து, மாமியின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

2018 டிசம்பர் 21 இரவு விடாத மழை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. படுத்திருந்த பாய் நனைந்தபோதுதான் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது தெரிந்தது. பிள்ளைகளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினேன். பெட்டி தண்ணீருக்குள்.

திரும்பி வந்து திறந்தேன். பத்திரங்களோடு படமும் ஒட்டிக் கிடந்தது. பிரித்தபோது, காணாமற்போன என் கணவரின் முகம் கரைந்துவிட்டது. பத்திரத்துக்குப் பிரதி எடுக்கலாம். அந்தப் படத்துக்கு எங்கே போவேன்?

இப்போது ஐப்பசி பிறக்கமுன் பை வாசலில் தொங்கிவிடும். பத்திரங்களை இரண்டு பொலித்தீன் பைகளில் இட்டுக் கட்டியிருக்கிறேன். பிரதிகள் மேட்டுநிலத்தில் உள்ள தங்கச்சி வீட்டில். மாமியின் குளிசைகள், டோர்ச், கொதித்தாறிய தண்ணீர் எல்லாம் பைக்குள் உண்டு. வெளியேறமுன் மெயின் சுவிட்சை நிறுத்த மகனுக்குப் பழக்கியிருக்கிறேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைக் கதவில் எழுதியிருக்கிறேன். வெள்ளம் வடிந்தால், கிணற்றை இறைத்துக் குளோரின் போடாமல் குடிப்பதில்லை.

சகோதரிகளே, ஆயத்தமாக இருக்க எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தை யுத்தத்தோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் படங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள்.