புரோமோ எரிமலையும் எங்க ஊர் மயானக் கொள்ளையும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் பதிவு லேட். ஜாவா தீவுல புரோமோ எரிமலையை பார்த்துட்டு வந்த கதை இது.

ராத்திரி 3 மணிக்கு ஜீப். பெனஞ்சாக்கன் மேட்டுல குளிர்ல நடுங்கிக்கிட்டே நின்னா, விடியும்போது எல்லாம் வரிசையா தெரியுது. முன்னாடி 2,329 மீட்டர் புரோமோ, பக்கத்துல பாதோக், தூரத்துல 3,676 மீட்டர் செமெரு. செஞ்சிக் கோட்டைப் பாறைகளைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு மலைன்னா சும்மா நிக்கிறது. இங்க மலை மூச்சு விடுது!

கீழே இறங்கினா மணல் கடல். பழைய எரிமலை ஒண்ணு இடிஞ்சு உண்டான பெரும் பள்ளம் அது. நடுவுல போத்தென்னு ஒரு இந்துக் கோயில். அதைத் தாண்டி சுமார் 250 படி ஏறினா எரிமலை வாய். விளிம்புல நம்ம பிள்ளையார் உட்கார்ந்திருக்கார் :-) உள்ளே வெள்ளைப் புகை, கந்தக நெடி, பெரிய அடுப்பு ஊதுற மாதிரி சத்தம். 2004-ல திடீர்னு வெடிச்சு 2 பேர் உயிரை வாங்கின மலை.

புரோமோங்கிற பேரே பிரம்மாவுல இருந்து வந்ததுதான். சுத்தி இருக்கிற தெங்கெர் மக்கள் இந்துக்கள். குழந்தை இல்லாத தம்பதிக்கு மலைசாமி 25 பிள்ளை குடுத்துட்டு, கடைசிப் பிள்ளையை கேட்டுச்சாம். அந்த நினைவா வருஷா வருஷம் கசடா மாசத்துல காய்கறி, கோழி, காசுன்னு எரிமலைக்குள்ள எறியறாங்க. ஜீப் ஓட்டின தம்பி செல்போன்ல படம் காட்டினான். உள்சரிவுல ஆளுங்க குச்சியில வலை கட்டி, எறியறதை புடிச்சுக்கிட்டிருக்காங்க!

எனக்கு கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. எங்க ஊர் மேல்மலையனூர். சிவன் கையில ஒட்டிக்கிட்ட பிரம்மாவோட மண்டை ஓடு அங்காளம்மனால விலகின இடம்னு சொல்லுவாங்க. சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. விளைஞ்ச காய், தானியம், சுண்டல், காசுன்னு வாரி எறிவாங்க, கூட்டம் பாய்ஞ்சு புடிக்கும். நாலாங்கிளாஸ்ல நானும் சட்டையில ஏந்தினேன். கூடப் படிச்ச ஒருத்தன் "பிச்சைக்காரன்"னு சிரிச்சான். அதோட அந்தப் பக்கமே போறதில்லை.

போன மாசியில அம்மா கத்திரிக்காயும் வேர்க்கடலையும் ஒரு பையில கட்டி வச்சுக்கிட்டு, "கொண்டுபோய் விடுடா"ன்னாங்க. "சாப்பிடற பொருளை ஏம்மா மண்ணுல கொட்டறே, வேஸ்ட்"னு சொல்லிட்டேன். அம்மா ஒண்ணும் பேசலை. பையை எடுத்து உள்ளே வச்சுட்டாங்க.

மலை இறங்கினதும் அம்மாவுக்கு போன் போட்டு வலைக்காரங்க கதையை சொன்னேன். "எறியறது மண்ணுக்காடா? புடிக்கிறவனுக்குத்தான். கையில குடுத்தா வாங்க கூச்சப்படுவான். ஆத்தா பேரைச் சொல்லி எறிஞ்சா யாருக்கு கூச்சம்?"

நாலாங்கிளாஸ்லயே இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

வர்ற மாசிக்கு இப்பவே லீவு சொல்லியாச்சு. பையை நான்தான் தூக்கப்போறேன்.

டிஸ்கி: போறவங்க ஸ்வெட்டர், முகமூடி மறக்காதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எரிமலை எச்சரிக்கை என்னன்னு கேட்டுக்குங்க. திரும்பற வழியில மடகாரிபுரா அருவியையும் பார்த்துடுங்க. மஜபாகித் மந்திரி கஜ மடா கடைசிக் காலத்துல தவம் இருந்த இடமாம். நனையாம பார்க்க முடியாது, சொல்லிட்டேன்!