வாய் திறவாத வானொலி

மௌனம் ஞானத்துக்கு அறிகுறி என்பர். முனிவர்க்கு அது பொருந்தலாம். மோட்டார் காரிலுள்ள வானொலிப் பெட்டிக்குப் பொருந்தாது. திறப்பைத் திருகியதும் பேசுவதே அதன் கடமை. அது விளக்கும் காட்டாமல், மணியும் சொல்லாமல், கருங்கல்லைப் போல இருந்துவிட்டால் நம்மிற் பெரும்பாலோர் செய்யும் காரியங்கள் இரண்டு. ஒன்று, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவது. மற்றது, "செற் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிப் புதிய பெட்டிக்கு விலை விசாரிப்பது. விசாரணை இல்லாத தீர்ப்பு நீதிமன்றத்திற் செல்லாது. காருக்குள்ளும் அது செல்லக் கூடாது என்பதே நான் இங்கே சொல்ல வந்த செய்தி.

எங்கள் புத்தளக் கரைக்கு மின்சாரமும் வானொலியும் புதியனவல்ல. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் மூன்று இயந்திரத் தொகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாற்று வலுவுடையவை. சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலக் கடலோரத்தில் 'அமெரிக்காவின் குரல்' வானொலியின் அஞ்சல் நிலையம் 2016 இல் மூடப்படும் வரை இயங்கியது. கொழும்பில் 1925 டிசெம்பர் 16 இல் தொடங்கிய ஒலிபரப்போ நூறாண்டைக் கண்டுவிட்டது. ஆயினும், வானமெங்கும் ஒலியலைகள் நிறைந்திருந்தாலும், அயலிலே மலைபோல மின்சாரம் பிறந்தாலும், காரிலுள்ள பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து வரும் ஒரு சிற்றோட்டமே. அந்த ஓட்டம் பெட்டிக்குப் போகவும் வேண்டும். பெட்டியிலிருந்து பற்றரிக்குத் திரும்பவும் வேண்டும். இரண்டில் ஒன்று தடைப்பட்டாலும் பெட்டி ஊமைதான்.

என்னுடைய கார் யப்பானில் 1990களிற் பிறந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கும் வரை, இந்நாட்டிற் பழைய கார் வைத்திருந்தோர் அதைப் பாட்டனாரைப் பேணுவது போலப் பேணினர். நானும் அவர்களுள் ஒருவன். அக்காரில் மாதமொரு முறை என் தாயாரை உடப்பிலிருந்து சிலாபத்துக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்வேன். அவர் எண்பதைக் கடந்தவர். கண்ணொளி ஏறக்குறைய முற்றிலும் குன்றிவிட்டது. வழியிலுள்ள தென்னந்தோப்பையும் இறால் பண்ணையையும் அவராற் காண இயலாது. அவருக்கு உலகம் செவி வழியே வருவது. காரில் ஏறியதும் செய்தி கேட்பார். பழைய பாடல் வந்தால் தலையசைப்பார். அறிவிப்பாளர் தமிழைப் பிழையாக உச்சரித்தால் அவ்விடத்திலேயே திருத்துவார். அத்தகையவருக்கு வானொலி ஒருநாள் அடியோடு நின்றுபோயிற்று என்றால், அது வெறும் பொழுதுபோக்கின் இழப்பன்று. இருண்ட வீட்டின் ஒற்றை யன்னலும் அடைபட்டது போன்றது.

"தம்பி, அதுக்கு என்ன வருத்தமாம்? டொக்டர் என்ன சொன்னவர்?" என்று தாயார் கேட்டார்.

"டொக்டர்" என்று அவர் குறித்தது பட்டணத்திலுள்ள ஒரு கடைக்காரரை. அவர் பெட்டியின் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார், உதட்டைப் பிதுக்கினார், "செற் முடிஞ்சுது, புதுசு போடுங்க" என்றார். அவர் சொன்ன விலை என் மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு.

நம்முடைய சைவ நூலார் உண்மையை அறியும் வழிகளை அளவை என்பர். கண்ணாரக் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது கருதல். தகுதியுடையோர் சொல்லை ஏற்பது உரை. கடைக்காரரின் சொல் உரைதான். ஆயினும் காட்சியும் கருதலும் துணை நில்லாத உரைக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிறு காலை, எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமர நிழலிற் காரை நிறுத்தி ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

துணைக்கு வந்தவன் என்னிடம் விஞ்ஞானம் கற்கும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். மீனவர் மகன். தந்தையோடு கடலுக்குப் போகும் நாட்களில் வகுப்புக்கு வரமாட்டான். வரும் நாட்களிற் பின்வரிசையில் அமர்ந்து யன்னலுக்கு வெளியே பார்த்திருப்பான். அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிடுவது என்று வீட்டில் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. "புத்தகத்தில இருக்கிறது கடல்ல உதவாது" என்பது அவன் தந்தையின் கட்சி. மகனும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. மீன் கொண்டுவந்து கொடுக்க வந்தவன், காரின் வயிற்றைத் திறந்து வைத்திருப்பதைக் கண்டு நின்றுவிட்டான்.

எந்தக் காரிலும் இவ்வாராய்ச்சிக்கு ஒரு வரிசை உண்டு. வாசகர்களுக்கும் அது பயன்படும் என்பதால் அதே வரிசையிற் சொல்கிறேன்.

முதலில், பெட்டி ஊமையா, செவிடா என்று தெளிய வேண்டும். ஒளி வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் அது வேறு நோய். யப்பானிய வானொலிகள் அந்நாட்டின் தாழ்ந்த பண்பலை வரிசைக்கு அமைந்தவை. நம் நாட்டு நிலையங்களிற் பல அவற்றுக்கு எட்டுவதில்லை. சில பெட்டிகள், பற்றரியைக் கழற்றி மாட்டினால், களவைத் தடுப்பதற்காக இரகசிய எண்ணைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். இவற்றிலெல்லாம் திரையில் ஏதேனும் ஒளி தெரியும். எங்கள் பெட்டியிலோ ஒளியே இல்லை. ஆகவே மின்சாரம் வரும் வழியைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, பற்றரி. நன்கு மின்னேறிய பற்றரி, இயந்திரம் நின்றிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும். ஹோனும் முன்விளக்கும் உரத்து இயங்கினால் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எங்கள் கார் ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஹோன் அடித்தது.

மூன்றாவது, உருகி. ஓட்டம் அளவு மீறினால் தான் உருகி அறுந்து, வயர் தீப்பற்றாமற் காப்பது இது. பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும்: காரின் உருகிப் பெட்டியில் ஒன்று, வானொலியின் முதுகில் ஒன்று. நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அறுந்ததற்கு ஈடாக அதே அளவானதையே இட வேண்டும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைக்கும் சாமர்த்தியத்தால் உருகி அறாது, காரே எரியும். புதிதாக இட்டதும் உடனே அறுந்தால், எங்கோ வயர் காரின் உடலைத் தொடுகிறது என்று கொள்க. எங்கள் இரண்டு உருகிகளும் பழுதின்றி இருந்தன.

நான்காவது, வயர்கள். வெளியில் வாங்கிப் பூட்டும் பெட்டிகளில் வழக்கமாக மஞ்சள் வயர் எந்நேரமும் மின் தருவது. மணியும் நிலைய நினைவும் அதனால் வாழ்கின்றன. சிவப்பு, திறப்பைத் திருகிய பின்பே மின் பெறுவது. பெட்டியை எழுப்புவது அதுவே. கறுப்பு, ஓட்டம் காரின் உலோக உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதை. அதை எர்த் என்பர். காரோடு வந்த பெட்டிகளில் நிறங்கள் மாறலாம். ஆனால் இந்த மூன்று வேலைகளும் மாறா. ஓர் எச்சரிக்கை: மஞ்சள் உறையிட்ட வேறு வயர்களும் டாஷ்போர்ட்டினுள்ளே இருக்கலாம். அவை மோதலின்போது விரியும் காற்றுப் பைக்குரியவை. அவற்றைத் தொடலாகாது. வயரை வெட்டவோ பொருத்தவோ முன்னர்ப் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட வேண்டும்.

பெட்டியை வெளியே இழுத்து, அதன் பின்னாலுள்ள இணைப்பைக் கழற்றி, பல்மானியால் அளந்தேன். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 12.4 வோல்ற்று. திறப்பைத் திருகியதும் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 12.3. எல்லாம் சரி. இந்த நிலையிற் பலர் கடைக்காரரின் தீர்ப்பை உறுதி செய்துவிடுவர்: மின்சாரம் வருகிறது, பெட்டி பேசவில்லை, ஆகவே பெட்டியே குற்றவாளி.

அப்போது மாணவன் மெல்லச் சொன்னான்: "சேர், மீற்றர் பொய் சொல்லும். எங்கட போட்டில லைற் எரியாது. மீற்றர் வைச்சா பன்னிரண்டு காட்டும். ஒரு பல்ப் இருந்தாத் தாங்க."

பழைய குறிகாட்டி விளக்கின் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் பிடித்துக் கொடுத்தேன். அவன் அதை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே வைத்தான். எரியவில்லை. பின்பு கறுப்பை விட்டுவிட்டு, காரின் உடலில் ஓரிடத்தைச் சுரண்டி, பளபளத்த இரும்பில் வைத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. மஞ்சளில் மாற்றமில்லை; பல்பிலும் மாற்றமில்லை; மாறியது திரும்பும் வழி ஒன்றே. குற்றம் அங்கேதான் என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுமா? காட்சி, கருதலாயிற்று.

கறுப்பு வயரைப் பின்தொடர்ந்து போனோம். டாஷ்போர்ட்டின் பின்னே ஓர் ஆணியில் அது பூட்டப்பட்டிருந்தது. வயரின் செப்பு முனை பச்சைப் பூச்சுப் பூத்திருந்தது. ஆணியின் அடியிற் செந்துரு. சில கார்களில் ஏரியல் வயரின் உலோக உறை வழியாகவும் ஓட்டம் திரும்புவதுண்டு. எங்கள் காரில் அந்த அடிப்பாகமும் துருவேறியிருந்தது.

பல்மானி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொன்னது. அதன் உட்தடை ஏறக்குறைய 1 கோடி ஓம். அதற்கு வேண்டிய ஓட்டம் மிக மிக அற்பம். அந்த அற்ப ஓட்டம் நூறு ஓம் தடையுள்ள துருவினூடாகவும் நுழைந்துவிடும். மானி 12 வோல்ற்று என்றே காட்டும். பல்புக்கும் வானொலிக்கும் அவ்வளவு போதாது. அவை ஓட்டத்தை இழுக்கும்போது, ஜோர்ஜ் சைமன் ஓம் 1827 இல் நூலாக்கிய விதிப்படி, வோல்ற்றின் பெரும்பகுதியைத் துருவே விழுங்கிவிடுகிறது. உழைப்புக் கேட்காத வரை எல்லாரும் வலியவரே. சுமை ஏற்றிய பின்புதான் வலிமை தெரியும்.

துரு ஏன் வந்தது? அதையும் மாணவனே சொன்னான்: "உப்புக் காத்து, சேர்." பாலாவி உப்பளங்களைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். கடல்நீரிற் சமையலுப்பு படிந்த பின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசிய உப்புக்கள் மிகும். அவை காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சுபவை. அதனாலேயே நல்ல உப்புச் செய்வோர் அந்நீரை வடித்துவிடுவர். கடற்காற்று அள்ளிவரும் நுண்துளியிலோ எல்லா உப்பும் கலந்திருக்கும். அது செம்பும் இரும்பும் சேருமிடத்திற் படிந்து, ஈரத்தை இழுத்து, அவ்விடத்தையே ஒரு சிறு மின்கலமாக்கி, உலோகத்தை அரிக்கிறது. கரையோரத்து வாகனங்களில் வானொலி மட்டுமல்ல, விளக்கும், ஹோனும், இயந்திரம் கிளப்பும் மோட்டாரும் இவ்வாறு எர்த் கெட்டு மயங்குவதுண்டு.

மருந்து எளிது. ஆணியைக் கழற்றி, உப்புத்தாளாற் சுரண்டி, வயர் முனைக்குப் புதிய வளையம் இட்டு, இறுகப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினோம். உப்பினால் வந்த நோய்க்கு உப்புத்தாளே மருந்தானது ஒரு வேடிக்கை. செலவு ஒரு தேநீர்ச் செலவுக்கு மேற்படவில்லை. திறப்பைத் திருகியதும் பெட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசியது. திண்ணையிலிருந்த தாயார், "ஆர் அந்தப் பெடியன்? அவனுக்குத் தேத்தண்ணி குடுத்தனீயா?" என்று கேட்டார்.

அவன் தந்தையை அடுத்த வாரம் கடற்கரையிற் கண்டேன். நடந்ததைச் சொன்னேன். "அது நான் காட்டிக் குடுத்த வேலை" என்றார், பெருமையோடு. "ஆம், நீங்கள் கற்பித்ததுதான். ஏன் பல்பு எரியவில்லை, மானி மட்டும் ஏன் 12 காட்டியது என்பதைக் கணக்காகச் செய்ய நான் கற்பிக்கிறேன். இரண்டும் ஒன்று சேர்ந்தால் அவன் உங்களையும் விஞ்சுவான், என்னையும் விஞ்சுவான்" என்றேன். அவர் விடை கூறவில்லை, வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மகனின் படிப்பு நிற்கவில்லை. இன்றும் அவன் கடலுக்குப் போகிறான். வகுப்புக்கு வரும் நாட்களில் யன்னலுக்கு வெளியே பார்ப்பது குறைந்து, என்னைக் கேள்வி கேட்பது கூடியிருக்கிறது.

மாணவ அன்பர்களே, ஒரு பொருள் இயங்காதபோது வழியின் கடைசியில் நிற்பதன் மேற் பழி போடுவது எளிது. தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு படியாகக் கேட்டு வாருங்கள். ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். போகும் வழியைப் பார்த்தது போலத் திரும்பும் வழியையும் பாருங்கள். பின்வரிசையில் மௌனமாக இருக்கும் பிள்ளையைப் பற்றித் தீர்ப்பெழுத முனையும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கூட இம்முறை பயன்படும்.