திரும்பிப் பார்த்தேன்



என் இடது கை பிறந்ததிலிருந்தே சரியாக வராது. விரல்கள் மடங்கியே இருக்கும். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லோருடைய பைக்கும் காவல் இருப்பதுதான் என் வேலை.

மே லீவுக்குக் கோயம்புத்தூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அண்ணன் கம்ப்யூட்டரில் 'வார் தண்டர்' என்று ஒரு விமானச் சண்டை விளையாட்டு ஆடுவார். இன்டர்நெட்டில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆடுவது. இரண்டாம் உலகப் போர் விமானங்கள் நிறைய இருக்கும். எனக்கு ஸ்பிட்ஃபயர் பிடித்தது.

அண்ணன் வலது கையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டிக்கொண்டே, இடது கையால் மவுஸை நகர்த்திச் சுற்றிலும் பார்ப்பார். எனக்கு ஓட்டத்தான் முடிந்தது, பார்க்க முடியவில்லை. ஜாய்ஸ்டிக் உச்சியில் உள்ள குட்டி பட்டனைக் கட்டைவிரலால் தள்ளியும் பார்க்கலாம். ஆனால் அதைத் தள்ளினால் என் விமானமே ஆடிப்போகும். பின்னால் வருகிறவன் சுட்டுவிட்டுப் போய்விடுவான். முதல் நாள் ஒன்பது தடவை விழுந்தேன். "எனக்கு வராதுங்கண்ணா, நீங்களே ஆடுங்க" என்று எழுந்துவிட்டேன். அழுகை வந்தது. யாருக்கும் தெரியாமல் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் 'ஓப்பன்டிராக்' என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டார். சாதாரண வெப்கேமரா நம் முகத்தைப் பார்த்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அதற்குச் சொல்லும். அதன்படி விமானத்துக்குள் காட்சி திரும்பும். "முழுசா திரும்பினா ஸ்கிரீனே தெரியாதே?" என்று கேட்டேன். "நீ கொஞ்சமா திருப்பு பாப்பா, அது நிறைய திருப்பிக்கும்" என்றார். நாம் 15 டிகிரி திரும்பினால் அங்கே 90 டிகிரி திரும்பும்படி வைத்துக்கொள்ளலாம். தலை லேசாக ஆடினால் காட்சி ஆடாமலும் வைக்கலாம். நான் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருவேன் என்பதால் இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவு என்று மாற்றிக் கொடுத்தார். வேகம் கூட்டும் லீவரை மணிக்கட்டால் தள்ளிக்கொண்டேன்.

1940-இல் நிஜ ஸ்பிட்ஃபயர் விமானிகள் ஓயாமல் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்ததால், கழுத்து உராயாமல் இருக்கப் பட்டுத்துணி கட்டிக்கொள்வார்களாம். எனக்கும் கழுத்து வலித்தது. ஆனால் மூன்றாம் நாள், பின்னால் வந்த விமானத்தை நானே முதலில் பார்த்துவிட்டேன்! சட்டென்று வளைந்து தப்பித்தேன். அப்புறம் அவனுக்குப் பின்னால் நான். அவன் விழுந்தான். அவன் எந்த நாடோ, என் கையைப் பற்றி அவனுக்குத் தெரியாது.

இந்த வசதி அந்த விளையாட்டில் கட்டாயம் கிடையாது. விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு அது தேவையே இல்லை. எனக்கோ அது இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

ஊருக்கு வந்ததும் யோசித்தேன். வளையப்பந்தில் வளையத்தை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், ஒரு கையால்தான் எறிய வேண்டும். இரண்டு கையால் பிடித்தால் தப்பு. இத்தனை நாள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லையே! யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

அடுத்த விளையாட்டுப் பீரியடில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைகள் மரத்தடியிலேயே இருக்கட்டும். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி