கைப்பிடி அரிசி

ஜேம்ஸ் உட்ஃபோர்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1758 முதல் 1802 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில்தான் அமெரிக்கா பிரிட்டனின் கையை விட்டுப் போனது, பிரான்சில் ராஜாவின் தலை உருண்டது. உட்ஃபோர்ட் எழுதியதோ பெரும்பாலும் மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று. ஜான் பெரஸ்ஃபோர்ட் என்பவர் 1924-இல் தொடங்கி ஐந்து தொகுதிகளாக அதைப் பதிப்பித்தார். ஐந்தையும் படித்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். சுருக்கப் பதிப்பு ஒன்று கைவசம் உண்டு. பசி வேளையில் எடுக்கக் கூடாத புத்தகம்.

மனிதர் நார்ஃபோக் மாவட்டத்தில் வெஸ்டன் லாங்வில் என்ற கிராமத்தின் குரு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகள் நான்சி கூட இருந்தாள். ஊர் அலுத்துப்போகிறது என்று அவ்வப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வருஷத்துக்குச் சுமார் நானூறு பவுண்டு வருமானம், அதில் பெரும்பங்கு விவசாயிகள் கட்டும் தசமபாகம். டிசம்பர் மாதம் ஒரு நாள் அவர்களெல்லாம் பணத்தோடு வருவார்கள். வந்தவர்களுக்கு மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பிளம் புட்டிங், பஞ்ச் என்று பெரிய விருந்து. பத்தில் ஒரு பங்கைப் பறிகொடுக்க வருகிறவன் முகம் கோணாமல் திரும்ப வேண்டுமே! யார் எவ்வளவு குடித்தார்கள், யார் அளவு மீறினார்கள் என்பதும் குறிப்பில் ஏறிவிடும். கிறிஸ்துமஸ் அன்று ஊரின் ஏழைக் கிழவர்களை அழைத்துத் தன் வீட்டில் சோறு போட்டு, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து அனுப்புவார். தேயிலையும் ஜின்னும் கள்ளக் கடத்தல்காரனிடம் வாங்குவார், அதையும் கூசாமல் எழுதுவார். 1778-இல் ஒருநாள் பீர்ப் பீப்பாயின் மண்டியைக் குடித்துவிட்டு அவருடைய பன்றிகள் நிற்க முடியாமல் தள்ளாடியதை எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்தக் கவனத்தோடு தன் பிரசங்கம் ஒன்றைப் பற்றி அவர் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

கடைசிக் குறிப்பு 1802 அக்டோபர் 17. உடை மாட்டிக்கொள்வதும் படி இறங்குவதும் பெரும்பாடாகிவிட்ட பலவீனம் என்கிறார். அடுத்து அன்றைய சாப்பாடு: மாட்டின் பின்தொடை, நெருப்பில் வாட்டியது. அதோடு நாட்குறிப்பு நிற்கிறது. 1803 புத்தாண்டு நாளில் இறந்துபோனார். இறையியல் படித்த ஒரு நண்பருக்கு இதைச் சொன்னபோது, "இப்படியும் ஒரு குருவானவரா?" என்று முகம் சுளித்தார். எனக்கென்னவோ, குருவானவர் வீட்டு வாழ்க்கையை இவ்வளவு உண்மையாக யாரும் எழுதவில்லை என்றுதான் படுகிறது.

என் அப்பாவும் நாட்குறிப்பு எழுதினார். திருநெல்வேலித் திருமண்டலத்தில் சேகரகுரு, அதாவது சில சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் பாதிரியார். ஊர் வாயில் ஐயர். அம்மா ஐயரம்மா. அப்பாவின் டைரியில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், ஆராதனைக்கு வந்தவர் தொகை, காணிக்கை, பிரசங்க வசனம் எல்லாம் உண்டு. எங்கே சைக்கிள் பஞ்சரானது என்பதுகூட உண்டு. என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. உட்ஃபோர்ட் ஐயர் இவரைப் பார்த்தால், இந்த ஆள் எப்படித்தான் உயிரோடு இருந்தார் என்று கேட்பார்.

என்ன சாப்பிட்டோம் என்று நான் சொல்லலாம். கைப்பிடி அரிசிச் சோறு.

எங்கள் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். உலை வைக்கும்போது பெண்கள் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மாவு டின், மூடி தொலைந்த தூக்குவாளி, எதுவும் ஆகும். பெண்கள் சங்கத்தார் வீடு வீடாகப் போய் அதைப் பையில் கொட்டிக்கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம், காசு ஊழியத்துக்கு. பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பங்கள் மீசை முறுக்கும். வாரந்தோறும் வரும் அரிசிக்கு அந்த யோகம் கிடையாது. கேட்பார் இல்லாமல் கிடக்கும். பெரும்பாலும் எங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.

ஏன் கேட்பார் இல்லை? அது ஊர் முழுக்கக் கலந்த அரிசி. பச்சரிசியும் புழுங்கலும், பொன்னியும் ரேஷன் குண்டரிசியும், எங்கோ ஒரு வீட்டுச் சிவப்புச் சம்பாவும் ஒரே பையில். இதை உலையில் போட்டால் பச்சரிசி குழைந்து பசையாகிவிடும், புழுங்கல் அப்போதுதான் கண் விழிக்கும், ரேஷன் அரிசி பல்லைப் பதம் பார்க்கும். வடிக்கலாமா, இன்னும் கொதிக்கட்டுமா என்று எந்த நிமிஷத்திலும் சொல்ல முடியாது. அம்மா சுளகில் புடைத்து, சல்லடையில் சலித்து, முடிந்த மட்டும் பிரிப்பாள். பெரியது ஊறப்போய்த் தோசை மாவாகும். குறுநொய் கஞ்சிக்கு. எதிலும் சேராதது மட்டும் சோறு.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் பிரசங்கத்துக்குப் பொருள் கிடைக்காமல் உலாத்திக்கொண்டிருந்த அப்பா அடுக்களை வாசலில் நின்று அந்தச் சுளகைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதப் பாரு, இந்த அரிசிதான் சபை. எத்தனை விதம், ஆனா ஒரே பானை..." அம்மா நிமிரவே இல்லை. "அப்படின்னா ஒரு நாளைக்கு நீங்களே வடிச்சுப் பாருங்க." அந்தப் பிரசங்கம் நடக்கவில்லை.

அவளுக்கு அந்த அரிசியில் உவமை வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அதில் செய்தி கிடைத்தது. பை தூக்கிக்கொண்டு பெண்களோடு அவளும் போவாள் அல்லவா, எந்த வீட்டு டப்பாவிலிருந்து என்ன விழுகிறது என்பதைக் கண் குறித்துக்கொள்ளும். பொன்னி விழுந்த வீட்டிலிருந்து இரண்டு வாரம் ரேஷன் அரிசி விழுந்தால் வெளிநாட்டுப் பணம் வரவில்லை. டப்பா நிறைந்திருந்தால் மாமியார் ஊருக்குப் போயிருக்கிறாள், மருமகள் கை தாராளம். கமிட்டிக் கூட்டத்தில் அப்பாவோடு சண்டை போட்டவர் வீட்டில் அந்த வாரம் அரிசி கூடுதலாக இருக்கும். வீட்டுக்காரம்மாள் புருஷனுக்காகக் கட்டும் அபராதம் அது. புழு வைத்த அரிசி விழுந்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், அந்த வீட்டின் பெயரை ஒரு வருஷத்துக்கு மறக்கவும் மாட்டாள்.

ராத்திரிக் குடும்ப ஜெபம் முடிந்து பாய் விரிக்கும்போது இவை அப்பாவுக்குப் போகும். "நாளைக்கு வீடு சந்திக்கப் போறீங்கல்லா, அந்த மேலத்தெரு வீட்டுக்குப் போயிட்டு வாங்க." ஏன் என்று அவர் கேட்பதில்லை. போவார், உட்காருவார், ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டு வருவார். திரும்பியதும் குறுக்கு விசாரணை. "காப்பி குடுத்தாங்களா? கருப்பட்டியா, சீனியா?" கருப்பட்டிக் காப்பி என்றால் நிலைமை இறுக்கம் என்று கணக்கு. இன்று கருப்பட்டி விற்கும் விலையில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது; இப்போதைய ஐயரம்மாக்கள் என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை. அப்பாவோ என்ன காப்பி என்றே கவனித்திருக்க மாட்டார். "சூடா இருந்துச்சு" என்பார்.

ஊரார் என்ன சொல்வார்கள்? ஐயருக்குத் தரிசனம் உண்டு, சொல்லாமலே நம்ம கஷ்டம் அவருக்குத் தெரிஞ்சிருது என்பார்கள். அப்பா மறுத்துப் பார்த்தார், அது தாழ்மை என்று இன்னும் பேர் வாங்கித் தந்தது. அம்மா அதைக் கேட்டு வருத்தப்பட்டதாக நான் பார்த்ததில்லை. சிரிப்பாள். எனக்குத்தான் இன்றைக்கும் எரிச்சல்.

அந்த எரிச்சலோடுதான் நான் மிஷன் சரித்திரங்களைப் புரட்டுவது. இடையன்குடி கால்டுவெல்லை எல்லாருக்கும் தெரியும். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்டவர், சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்பவர். அவர் தமிழ் கற்றது இந்தியாவுக்கு வந்த பிறகு. அவர் மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள், குழந்தையிலேயே தமிழைக் காதில் வாங்கி வளர்ந்தவர். அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை மகள் இடையன்குடிக்குக் கொண்டுபோனார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். எந்தக் குடிசையில் எந்தப் பெண் எந்தச் சொல்லை எப்படிச் சொன்னாள் என்று மத்தியானச் சாப்பாட்டில் எத்தனை பேச்சு நடந்திருக்கும்! ஒப்பிலக்கணத்தில் அதில் எவ்வளவு சேர்ந்தது என்று யார் பிரித்துச் சொல்வது? அம்மாவின் சல்லடையாலும் ஆகாது.

மிசோரத்தில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் 1910 முதல் இதே கைப்பிடி அரிசியை விடாமல் எடுத்து வைக்கிறார்கள். பள்ளியும் மருத்துவமனையும் ஊழியரின் சம்பளமுமாகச் சபை சொந்தக் காலில் நிற்பதில் அடுப்படிப் பெண்களின் அந்தப் பிடிக்குப் பெரிய பங்கு. படித்ததும் பெருமையாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும்: அங்கே அந்தக் கலந்த அரிசியைப் பொங்குவது யார்? அறிக்கை எழுதுகிறவர்கள் அதை எழுதுவதில்லை. இங்கே பல கோயில்களில் வாசல் தூணில் கியூஆர் அட்டை ஒட்டியாகிவிட்டது. கணக்குச் சுத்தமாக நிற்கும்தான். போன் திரையில் வரும் ஐம்பது ரூபாயைப் பார்த்து அந்த வீட்டு உலை கொதிக்கிறதா என்று எந்த ஐயரம்மா கண்டுபிடிப்பாள்?

அம்மாவுக்கு எல்லாச் சேகரத்தையும் விட்டுப் போக வேண்டி வந்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை இடமாறுதல். பெரும்பாலும் பள்ளி லீவில் லாரி வரும். கட்டில், மேசை, பெஞ்சு எல்லாம் கோயிலுடையவை, பட்டியல் பார்த்து ஒப்படைக்க வேண்டும். ஒரு மாறுதல் நன்றாக நினைவிருக்கிறது. முன் அறையில் அப்பா புது ஐயரிடம் பதிவேடுகளையும் சாவிக்கொத்தையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். சீக்கிரம் முடிந்துவிட்டது. இருவரும் வேப்பமரத்தடியில் பேராயர் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

அடுக்களையில் வேலை முடியவில்லை. புது ஐயரம்மா சின்ன வயது, கல்யாணமான புதிது, பட்டுச் சேலை கசங்காமல் வந்திருந்தார். அம்மா காலி அரிசிப் பானை மேல் கை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே போனாள். எந்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் கோபித்துக்கொள்வார்கள், எந்த வீட்டில் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்காது, எந்த இரண்டு பேரைப் பெண்கள் சங்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிக் கேட்கவே கூடாது. அந்தப் பெண் முதலில் தலையாட்டிக்கொண்டிருந்தது, பிறகு என்னிடம் ஒரு நோட்டும் பேனாவும் கேட்டது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். அம்மா ஒரு காலை லாரிப் படியில் வைத்தபடி திரும்பினாள்.

"பச்சரிசிய மொதல்லயே பிரிச்சிருங்கம்மா. ஊற வச்சுட்டா அதுக்கப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."